கைப்பிடியில் 1000 வோல்ட் என்று அச்சிட்ட கருவித் தொகுப்பு: மின்பணியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இணையத்தில் வாங்கிய ஒரு கருவித் தொகுப்பில் இருந்த டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் ஒரே நிமிடத்தில் அடுத்தடுத்துக் கைவிட்டதால் ஷாக் வாங்கியவன் நான். மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள், கோளாறு ஏதும் இல்லை. வலது முழங்கையில் ஒரு சிராய்ப்பும் இரண்டு நாள் தோள்வலியும் மட்டுமே மிச்சம். இருபத்திரண்டு ஆண்டுகள் இதே வேலையில் இருந்தும் இப்படி ஏமாந்தேன் என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதே தொகுப்பு இன்னும் விற்பனையில் இருப்பதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொகுப்பில் ஒரு கட்டிங் பிளேயர், ஒரு சைடு கட்டர், ஒரு நோஸ் பிளேயர், நான்கு ஸ்க்ரூடிரைவர்கள், ஒரு நியான் டெஸ்டர் ஆகியவை இருந்தன. விற்பனைப் பக்கத்தில் காட்டப்பட்ட படத்தில் ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரட்டை முக்கோணக் குறியும், அதனருகே 1000 வோல்ட் என்ற எழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. கைக்கு வந்து சேர்ந்த கருவிகளில் 1000 வோல்ட் என்ற எழுத்து மட்டும் இருந்தது. முக்கோணங்களின் இடத்தில் ஒரு மின்னல் படம் அச்சிடப்பட்டிருந்தது. அந்த வேறுபாட்டை நான் பார்த்தேன், பார்த்தும் பொருட்படுத்தவில்லை. முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது, அது என்னுடையது.

மின்னல் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம், அதற்குப் பின்னால் எந்தச் சோதனையும் இருக்க வேண்டியதில்லை. இரட்டை முக்கோணம் அப்படிப்பட்டதன்று. மின்சாரம் இருக்கும்போதே வேலை செய்வதற்கான கைக்கருவிகளுக்கு ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. மாறுதிசை மின்சாரத்தில் 1000 வோல்ட் வரையிலும், நேர்திசை மின்சாரத்தில் 1500 வோல்ட் வரையிலும் பயன்படுத்தத்தக்க கருவி என்பதற்கான குறியே அந்த இரட்டை முக்கோணம். அந்தத் தரநிலைப்படி உண்மையாகவே தயாரிக்கப்படும் கருவியின் மாதிரியை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து, பிறகு 10,000 வோல்ட் கொடுத்துச் சோதிக்கிறார்கள். கடுங்குளிரில் வைத்து அடித்து, கைப்பிடியின் காப்புறை (மின்சாரம் கைக்கு வராமல் தடுக்கும் உறை) வெடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். சூடாக்கி இழுத்து, உறை உலோகத்தை விட்டு நழுவுகிறதா என்று பார்க்கிறார்கள். தயாரிப்பாளரின் பெயரும் தயாரித்த ஆண்டும் கருவியிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். என்னிடம் வந்த எட்டுக் கருவிகளில் ஒன்றில்கூட ஆண்டு இல்லை, தயாரிப்பாளரின் பெயர் அட்டைப்பெட்டியில் மட்டுமே இருந்தது.

முதல் வாரத்திலேயே அறிகுறிகள் தென்பட்டன. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை வெட்டியதில் சைடு கட்டரின் வாயில் மெல்லிய பள்ளம் விழுந்தது. செம்பு மென்மையான உலோகம், அதற்கே பள்ளம் விழும் என்றால் அந்த வாய் முறையாகக் கடினப்படுத்தப்படவில்லை என்று பொருள். ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனை, ஓர் எம்சிபியின் (மின்சுற்றைத் துண்டிக்கும் சிறு தானியங்கி சுவிட்சின்) முனையத் திருகை இறுக்கும்போது ஓரத்தில் சில்லாகத் தெறித்தது. அது நேர் எதிரான குறை. எஃகைச் சூடாக்கித் திடீரென்று குளிர்வித்தால் அது கடினமாகும், கூடவே கண்ணாடிபோல் உடையும் தன்மையும் அதற்கு வந்துவிடும். மறுபடியும் மிதமான வெப்பத்தில் வைத்துப் பதப்படுத்தினால்தான் அந்த முறிதன்மை போகும். ஒரே பெட்டிக்குள் ஒரு கருவி போதிய கடினம் இல்லாமலும், இன்னொன்று பதம் இல்லாமலும் இருந்தன. இரண்டிலும் குரோம் வனேடியம் என்று பெருமையாகப் பொறித்திருந்தார்கள். அந்தப் பெயர் எஃகில் என்ன கலந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். அடுப்பிலிருந்து அது எப்படி வெளியே வந்தது என்பதைச் சொல்லாது.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய பேனலில், அதாவது மின் இணைப்புப் பெட்டியில், ஓர் இணைப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுற்றுக்குரிய எம்சிபி என்று பெயர் எழுதி ஒட்டியிருந்ததை இறக்கினேன். பேனலுக்குள் வேறு ஒரு வழியாகவும் மின்சாரம் வந்துகொண்டிருந்தது பின்னரே தெரிந்தது. புதிய டெஸ்டரை முனையத்தில் வைத்துப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. மின்சாரம் இல்லை என்று முடிவு செய்து, கட்டிங் பிளேயரால் ஒயரைப் பிடித்து இழுத்தபோது, கைப்பிடியின் உறை உலோகத்தின்மேல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பின்னோக்கி நழுவியது. இடது கையின் ஆள்காட்டி விரல் வெற்று எஃகைத் தொட்டது. வலது முழங்கை எர்த் செய்யப்பட்ட பேனலின் இரும்பு விளிம்பில் ஊன்றியிருந்தது. ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்னோட்டம் மார்பின் குறுக்கேதான் போகும் என்பதை இத்தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுமார் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமல் போகக்கூடும். என் கை உதறி விலகியது என் திறமையால் அன்று.

மின்சாரம் இருப்பது முன்பே தெரிந்த ஓர் இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, சோதிக்க வேண்டிய இடத்தில் பார்த்து, மீண்டும் பழைய இடத்துக்கு வந்து ஒருமுறை பார்ப்பதே முறை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை வாய் ஓயாமல் சொல்பவன் நான். அன்று நான் செய்யவில்லை. அதைச் செய்திருந்தால் டெஸ்டரின் குறை அந்த இடத்திலேயே வெளிப்பட்டிருக்கும், பிளேயரின் குறை வேறொரு நாளுக்காகக் காத்திருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். நியான் டெஸ்டருக்குள் இருப்பவை மிகக் குறைவு: முனையை அடுத்து உயர் மதிப்புள்ள ஒரு மின்தடை, ஒரு சிறிய நியான் விளக்கு, ஒரு சுருள்வில், நம் விரல் படும் உலோக மூடி. மின்தடை வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் மட்டும் நம் உடல் வழியே தரைக்குப் போவதால்தான் விளக்கு எரிகிறது, நமக்கும் ஒன்றும் ஆவதில்லை. என்னிடம் இருந்த டெஸ்டரின் சுருள்வில் அளவில் குட்டையாக இருந்தது. பிடிக்கும் கோணத்தைப் பொறுத்து அது மூடியைத் தொட்டது, சில வேளைகளில் தொடவில்லை. எரியாத டெஸ்டர் மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது என்பதை இத்தனை கச்சிதமாக நிரூபித்துக் காட்டும் பொருளை நான் கண்டதில்லை. மின்தடை சரியாக இருந்தது என்பது ஓர் ஆறுதல், ஏனெனில் அதுவும் பழுதாகியிருந்தால் டெஸ்டரே ஷாக் கொடுக்கும் கருவியாக மாறியிருக்கும்.

பிளேயரின் கைப்பிடியைக் கத்தியால் கீறியபோது, ஒரே நிறத்தில் ஒரே அடுக்குப் பிளாஸ்டிக் குழாய் கழன்று வந்தது. சூடாக்கிச் சொருகியிருக்கிறார்கள், உலோகத்தோடு அது எங்கும் ஒட்டவில்லை. நல்ல தயாரிப்பாளர்கள் பலர் வெளியே ஒரு நிறமும் உள்ளே வேறு நிறமுமாக இரண்டு அடுக்குக் காப்பு கொடுப்பதன் காரணமே, மேலடுக்கு வெட்டுப்பட்டால் உள்நிறம் கண்ணில் பட்டு எச்சரிக்க வேண்டும் என்பதுதான். ஸ்க்ரூடிரைவர்களின் தண்டில் இருந்தது சூட்டில் சுருங்கும் வெறும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், நகத்தால் கீறினாலே தடம் விழுந்தது. கைக்கு இதமாக இருப்பதற்காகப் பிளாஸ்டிக்கில் தோய்த்த கைப்பிடியுள்ள கருவிகள் சந்தையில் நிறைய உண்டு, அவற்றில் தவறு ஒன்றும் இல்லை, அவை தம்மைக் காப்புள்ளவை என்று சொல்லிக்கொள்வதில்லை. இது சொல்லிக்கொண்டது. கைப்பிடி வெறுமையாக இருந்தால் கை தானாக எச்சரிக்கையாக இருக்கும், 1000 வோல்ட் என்ற எழுத்தைப் பார்த்த கை அசட்டையாகிவிடும். அதனால்தான் இத்தகைய கருவியை மட்டமான கருவி என்று சொல்லி நிறுத்திக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

விற்பனையாளரிடம் முறையிட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் படங்கள் கேட்டார்கள், அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டது என்றார்கள். விடாமல் எழுதியதும், இந்தக் கருவிகள் மின்சாரத்தைத் துண்டித்த பிறகு மட்டுமே பயன்படுத்துவதற்குரியவை என்று ஒரு பதில் வந்தது. அப்படியானால் கைப்பிடியில் 1000 வோல்ட் என்று எதற்காக அச்சிட்டீர்கள் என்று கேட்டதற்கு, அது வடிவமைப்பின் ஒரு பகுதி என்று எழுதினார்கள். அந்தச் சொற்றொடரை நான் மாற்றாமல் தந்திருக்கிறேன். படங்களோடு நான் எழுதிய மதிப்பீடு விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி வெளியிடப்படவில்லை.

இதைப் பற்றிச் சக மின்பணியாளர்களிடம் பேசியபோது கிடைத்த கருத்துகள் பல திசைகளில் இருந்தன. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன், "இப்ப வர்றது எல்லாம் தகரம்தான் தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவரிடம் முப்பது ஆண்டு பழகிய பிளேயர் ஒன்று இருக்கிறது, அதன் வாய் இன்னும் ஒளி புகாமல் மூடும். அவர்மீது எனக்குள்ள மரியாதை குறையாமலே இதில் அவரோடு மாறுபடுகிறேன். அந்தக் காலத்தில் வந்த மட்டமான பிளேயர்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன, நல்லவை மட்டும் எஞ்சி நம் கண்முன் இருக்கின்றன. அவருடைய அந்தப் பிளேயருக்கும் காப்பு என்று எதுவும் இருந்ததில்லை, சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகியிருந்தார்.

பேனல் இணைப்பு வேலையில் இருக்கும் தோழி ஒருவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. உயர்ந்த தரம் கெட்டுப்போகவில்லை, கீழ்த்தரம் எப்போதும் இருந்தது, நடுத்தரம்தான் காணாமல் போய்விட்டது என்பது அவர் கருத்து. ஒரு காலத்தில் சாதாரண மின்பணியாளர் வாங்கி ஐந்தாறு ஆண்டு ஓட்டிய கருவிகளின் பெயர்கள் கைமாறின. பெயரை வாங்கியவர்கள் வேறு எங்கோ குறைந்த செலவில் செய்வித்து, அதே நிறத்தில் அதே எழுத்தோடு விற்கிறார்கள். பெயர் அதே, எஃகு வேறு. அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது, லக் எனப்படும் உலோக முனையை ஒயரில் நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் டூல். பழையதன் தாடைகள் லக்கை முழுக்க இறுக்கிய பிறகே ராட்செட் என்னும் பற்சக்கரப் பூட்டு விடுபடும், அதே பெயரில் வாங்கிய புதியதில் தாடைகள் சற்று விலகி நிற்கும்போதே விடுபட்டுவிடுகிறது. அப்படித் தளர்ந்த லக்கில் 0.1 ஓம் மின்தடை சேர்ந்து, 16 ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் 25 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். ஒரு சிறிய சால்டரிங் அயர்னைப் பேனலுக்குள் வைத்துப் பூட்டியதற்கு அது சமம். கருவியின் குறை நம் கையோடு நிற்பதில்லை, நாம் போன பிறகும் அந்தச் சுவருக்குள் இருக்கிறது.

எனவே வாங்கும்போது இரட்டை முக்கோணம், தரநிலை எண், தயாரிப்பாளர் பெயர், ஆண்டு ஆகியவை கருவியின்மேலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றையும் போலியாகப் பொறிக்க முடியும் என்பதால், வி.டி.இ. போன்ற சோதனை நிறுவனத்தின் முத்திரை இருந்தால் அந்தச் சான்றிதழை அந்நிறுவனத்தின் தளத்திலேயே தேடிப் பாருங்கள். கைப்பிடியை முறுக்கியும் இழுத்தும் பாருங்கள், இம்மியும் அசையக் கூடாது. காப்பின் மின்தடையை அளக்கும் மெக்கர் வைத்திருப்பவர்கள் அதனால் சோதித்துத் தேறிவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். அது மோசமான உறையைக் காட்டிக்கொடுக்கலாம், ஆனால் 10,000 வோல்ட் சோதனைக்கு அது ஈடாகாது. வெட்டுப்பட்ட காப்பின்மேல் டேப் சுற்றிப் பயன்படுத்தும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அந்தத் தொகுப்பைக் குப்பையில் போட எடுத்தபோது, என்னிடம் வேலை கற்கும் தம்பி, வேண்டாம் என்றால் தனக்குத் தரும்படி கேட்டான். அவனிடம் சொந்தமாக ஒரு பிளேயர்கூட இல்லை. என் பழைய பிளேயரை அவனுக்குக் கொடுத்துவிட்டு, தொகுப்பில் இருந்த ஒவ்வொரு கைப்பிடியின் உறையையும் கழற்றி, டெஸ்டரை உடைத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்த பிறகே வெளியே போட்டேன்.