கிளிநொச்சியில வாங்கின மேசை ஓவன்: அம்மம்மாவும் பேத்தியும்

கிளிநொச்சி ரவுனில ஒரு கடையில இந்த 30 லீற்றர் ஓவன் வாங்கி மூண்டு மாசமாகுது, வாங்கினதே என்ர மகளுக்கு கேக் பழக்கோணும் எண்டு அம்மா ஆசைப்பட்டதாலதான். அம்மா முந்தி சட்டியில மணல் போட்டு விறகடுப்பில வச்சு மூடிக்கு மேல தணல் பரப்பி கேக் சுட்டவ, அவவுக்கு இந்த ஓவன் புதுசு.

முதல்நாள் மேல்பக்கம் கருகிட்டுது, உள்ளுக்க பச்சை மா. பிள்ளை அழத் தொடங்க, அம்மா குனிஞ்சு உள்ளுக்க பாத்திட்டு "அழாத குஞ்சு, மேல் கம்பி ரின்னுக்கு கிட்ட கிடக்கு, கீழ்த்தட்டில வைப்பம்" எண்டவ. அதுதான் சரி. இப்ப பத்து நிமிசம் முதலே சூடாக்கி 180 டிகிரி இல்லாம 160ல கீழ்த்தட்டில வைக்கிறம், மேல் சிவந்தா ஃபொயில் பேப்பரால மூடுறம், பஞ்சு மாதிரி வருது.

கேக்குக்கு பட்டர், சீனி, மா ஒவ்வொண்டும் 250 கிராம், முட்டை 5. அடிச்ச சீனியை விரலில தொட்டு நறநறக்குதோ எண்டு பிள்ளையே பாக்கோணும், முட்டை ஒவ்வொண்டாத்தான் விடோணும், ஒரேயடியா விட்டா திரைஞ்சிடும் எண்டு அம்மா பக்கத்திலயே நிப்பா. வெந்ததோ எண்டு ஈர்க்கு குத்திப் பாக்கிறது மகளின்ர வேலை, ஏழு வயசு, ஈர்க்கை வெளிச்சத்தில பிடிச்சு "ஒட்டேல்ல அம்மம்மா!" எண்டு கத்துவாள், அந்த முகத்தைப் பாக்கோணும்.

குறை எண்டா கதவுக் கண்ணாடி சரியா சுடும், சின்னப்பிள்ளையள் கவனம். வயரும் கட்டை. மற்றபடி தாராளமா வாங்கலாம்.