டெக்சாஸா, திரையா, அகமதாபாத்தா: கோள் அறிவியல் மாணவரின் முதல் மாநாடு

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் வருஷத்தில் வழிகாட்டி ஒரு நாள் கூப்பிட்டு, "இந்தத் தடவை ஏதாவது ஒரு மாநாட்டுக்குப் போய்ட்டு வாம்மா" என்பார். கோள் அறிவியலில் இருப்பவர்களுக்கு அப்போது மூன்று வழிகள் தெரியும். மார்ச் மாதம் டெக்சாஸில் நடக்கும் நிலவு மற்றும் கோள் அறிவியல் மாநாடு ஒன்று. நாங்கள் எல்.பி.எஸ்.சி. என்போம். அதே மாநாட்டில் வீட்டிலிருந்தே இணையவழியில் கலந்துகொள்வது இன்னொன்று. மூன்றாவது, அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக் கூடம் நடத்தும் இந்தியக் கோள் அறிவியல் மாநாடு. தண்டையார்பேட்டை வீட்டில் உட்கார்ந்து மூன்றுக்கும் கணக்குப் போட்டவள் நான். இரண்டைப் பார்த்துவிட்டேன். டெக்சாஸ் பயணம் விசாவோடு நின்றுபோனது.

எல்.பி.எஸ்.சி.யின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. அப்பல்லோ 11 கொண்டுவந்த கற்களை ஆராய்ந்தவர்கள் 1970 ஜனவரியில் ஹூஸ்டனில் கூடியதுதான் அதன் தொடக்கம். இப்போது ஹூஸ்டனுக்கு வடக்கே த வுட்லண்ட்ஸ் என்ற ஊரில் நடக்கிறது. நாம் கட்டுரைகளில் மட்டுமே பெயர் பார்த்தவர்கள் அங்கே கையில் காபியோடு நிற்பார்கள். கலந்துகொள்ள அனுப்ப வேண்டிய ஆய்வுச் சுருக்கம் இரண்டு பக்கம்; படம், அட்டவணை, மேற்கோள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்த இரண்டு பக்கத்தை எழுதுவதே நல்ல பயிற்சி. போகாவிட்டாலும் ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. சுருக்கத்துக்குக் கடைசி நாள் ஜனவரித் தொடக்கம், மாநாடு மார்ச் நடுவில். ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வந்த பிறகு விசாவுக்கு நாள் தேடினால் கதை முடிந்தது. எனக்குக் கிடைத்த நேர்காணல் தேதி, மாநாடு முடிந்து ஆறு வாரம் கழித்து. அப்புறம் விமானக் கட்டணம் இருக்கிறது. மத்திய அரசின் பயண உதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கும் முன்கூட்டியே கடிதம் கேட்பார்கள்.

சரி, திரையில் பார்த்துவிடலாம் என்று பணம் கட்டினேன். மார்ச் நடுவில் டெக்சாஸ் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை எட்டரை என்றால் நமக்கு இரவு ஏழு. உரைகளைக் கேட்க அது வசதிதான். ஒரே நேரத்தில் பல அரங்குகளில் அமர்வு நடக்கும். ஒரு கிளிக்கில் செவ்வாயிலிருந்து நிலாவுக்குத் தாவலாம். ஆனால் போஸ்டர், அதாவது ஆய்வைப் படமும் எழுத்துமாக ஒரே தாளில் காட்டுவது, மாலையில். அங்கே ஆறு மணி என்றால் இங்கே அதிகாலை நாலரை. காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கிற நேரம். ஒற்றை அறை வீட்டில் அம்மா தூங்க, நான் காதில் ஹெட்போனோடு என் மின்-போஸ்டருக்கு யாராவது வருவார்களா என்று காத்திருந்தேன். வந்த கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் எழுத்தில், மறுநாள். கேட்பதற்குத் திரை போதும். நம் வேலையை நாலு பேரிடம் காட்ட அது உதவாது என்பது என் அனுபவம்.

அகமதாபாத்துக்கு விசா வேண்டாம். சென்ட்ரலில் நவஜீவன் ஏறினால் விஜயவாடா, சூரத் வழியாக ஏறத்தாழ ஒன்றரை நாள். பௌதிக ஆராய்ச்சிக் கூடம் 1947இல் விக்ரம் சாராபாய் தொடங்கியது. சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தியில் நிலாமண்ணின் தனிமங்களை அளந்த ஆல்பா துகள் எக்ஸ்-கதிர் கருவியைச் செய்ததும் அவர்களே. தரவுக் கோப்பில் ஒரு எண் புரியவில்லை என்றால், அந்தக் கருவியோடு வேலை செய்தவரையே தேநீர் இடைவேளையில் கேட்டுவிடலாம். இந்தச் சலுகை டெக்சாஸில்கூட நமக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்றதும் பேச்சு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்குப் போனது. நிலாவின் மேட்டுநிலப் பாறையான அனார்த்தோசைட் அங்கே கிடைக்கிறது. அதை அரைத்துத்தான் இஸ்ரோ லேண்டரையும் ரோவரையும் சோதிக்கச் செயற்கை நிலாமண் தயாரித்தது. ஊர்ப் பெயர் சொன்ன மாத்திரத்தில் பேச்சு தொடங்கிவிட்டது, எனக்கிருந்த கூச்சமும் போய்விட்டது.

இனி போஸ்டர் விஷயம். இதிலும் மூன்று வழிகள் உண்டு. வடசென்னையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பிளெக்ஸ். மலிவு, ஒரு மணி நேரத்தில் கைக்கு வரும். ஆனால் தெருமுனையிலிருந்து பார்ப்பதற்கான அச்சு அது. வரைபடத்தின் ஓரக் கோடுகளில் உள்ள சின்ன எண்கள் கசிந்துவிடும், விளக்கொளியில் பளபளக்கும். துணியில் அச்சடித்தால் மடித்துப் பையில் வைக்கலாம், விமானத்துக்கு அதுதான் சரி. ஆனால் நிலாப் படத்தின் சாம்பல் நிற வித்தியாசங்கள் துணியில் மங்கின. நான் பளபளக்காத மேட் தாளை எடுத்தேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு கடையில் ஏ-0 அளவில், அதாவது ஏறக்குறைய 2¾ அடிக்கு 4 அடி. அளவை முடிவுசெய்யும் முன் மாநாட்டுப் பலகை நெட்டுவாக்கா படுக்கைவாக்கா என்று பார்த்துவிடுங்கள்.

மாதிரி அச்சை விரித்து, அதிலிருந்த நிலாக் குழிகளின் படத்தைப் பார்த்த கடைக்காரர் கேட்டார்: "இன்னாமா, இதுல எது பள்ளம், எது மேடு? எனக்கு எல்லாம் கொப்புளமாட்டம் தெரியுது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். கீழிருந்து வெயில் விழும் படத்தில் குழி மேடாகத் தெரியும். பல மாதமாகப் பார்த்துப் பழகிய எனக்கு அது தெரியவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து படத்தைத் திருப்பி, சூரியன் எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி போட்டு, "மறுபடி அடிச்சுக் குடுங்கண்ணே" என்றேன்.

வாய்மொழி உரையா போஸ்டரா என்றால் முதல் முறை போஸ்டரே. உரைக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒரு கேள்வி வந்தால் அதிர்ஷ்டம். போஸ்டர் முன்னால் ஒரு மாலை முழுக்க நிற்கலாம். அகமதாபாத்தில் வயதான ஒருவர் என் படத்தின் மேல் விரலை வைத்து, வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த குழிகளைக் காட்டினார். "இதையெல்லாம் எண்ணிக்கையில சேர்த்தீங்களா?" சேர்த்திருந்தேன். சந்திரயான்-2இன் நிலப்பரப்புக் கேமரா எடுத்த படங்களில் குழிகளை எண்ணி எரிமலைச் சமவெளி ஒன்றின் வயதைக் கணிப்பது என் வேலை; குழி அதிகமென்றால் வயதும் அதிகம். அவர் காட்டியவை பெரிய விண்கல் மோதல் ஒன்று வாரியடித்த கற்கள் விழுந்து உண்டானவை, இரண்டாம் நிலைக் குழிகள். அவற்றையும் சேர்த்து எண்ணினால் சமவெளிக்கு இல்லாத வயது கூடிவிடும். அவர் நகர்ந்ததும் கைப்பேசியில் படமெடுத்து அந்த இடங்களை வட்டமிட்டேன். ஊர் திரும்பியதும் முதல் வேலை மறுபடி எண்ணியதுதான்.

ஜூலை, ஆகஸ்டில் ஆசிய நகரங்களில் நடக்கும் ஆசிய-ஓசியானியப் புவி அறிவியல் சங்கத்தின் (ஏ.ஓ.ஜி.எஸ்.) கூட்டத்திலும் கோள் பிரிவு உண்டு. சிங்கப்பூரில் நடக்கிற வருஷம் என்றால் யோசிக்கலாம். ஐரோப்பியக் கோள் அறிவியல் மாநாடு செப்டம்பரில், அதற்கும் விசாதான்.

முதல் வருஷம் அகமதாபாத், தாள் போஸ்டரோடு. அதே வருஷம் ஆகஸ்டில், டெக்சாஸுக்குச் சுருக்கம் எழுதுவதற்கு முன்பே, அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பெரும்பாலும் பத்து வருஷத்துக்குத் தருகிறார்கள், அதனால் அடுத்த மார்ச் இல்லாவிட்டாலும் அதற்கடுத்த மார்ச்சுக்கு உதவும். நான் இந்த வாரம்தான் படிவத்தை நிரப்பி முடித்தேன்.