திரையில் பென்டியம் 200, உள்ளே 166: பழைய கம்ப்யூட்டர் சர்வீஸில் ஏமாந்த விவரம்

வீட்டில் பழைய கம்ப்யூட்டரும் அதற்குரிய பிளாப்பிகளும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த வேலைகளின் அடையாளத்தை எழுதுகிறேன். அது தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

அப்பா 1996லிருந்து ராஜபாளையத்தில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் டைப் ஆகும். கடையை மூடிப் பல வருஷம் ஆகியும் அந்த மெஷினை மட்டும் அப்பா விடவில்லை. காரணம் இருக்கிறது. அன்றைக்குத் தமிழ் எழுத்துருக்களை விற்றவர்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்தார்கள். 1999ல்தான் தமிழக அரசு டாப், டாம் என்று இரண்டை முறைப்படுத்தியது. அதற்கு முன்னால் அடித்த கோப்புகளை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் கிறுக்கலாக வரும். அப்பா வாங்கிய எழுத்துரு மென்பொருளோ பிரிண்டர் போர்ட்டில் ஒரு லாக் மாட்டினால்தான் திறக்கும், அதுவும் விண்டோஸ் 95ல். ஆக அந்த மெஷின் ஓடினால்தான் அந்தத் தமிழை வாசிக்க முடியும்.

வாசிக்க வேண்டியது எங்கள் அப்பத்தாவின் பாட்டு. தாலாட்டும் ஒப்பாரியும். அப்பத்தா பாடப்பாட அப்பா 1998ல் உட்கார்ந்து அடித்தது, நான்கு பிளாப்பிகளில் இருந்தது.

மெஷின், பென்டியம் 100, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் வேக ப்ராசஸர். இன்டெல் 430விஎக்ஸ் சிப்செட் போர்டு, 32 எம்பி ராம், 1.44 எம்பி பிளாப்பி டிரைவ், 8 எக்ஸ் சிடி டிரைவ். பிளாப்பி டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டுப் படிக்க மறுத்தது. சிடி டிரைவின் தட்டு வெளியே வரவில்லை. இந்த இரண்டுக்காகத்தான் சென்னையில், பழைய கம்ப்யூட்டருக்கென்றே இருப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கவுன்டரில் இருந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்ததும், "மேடம், இவ்ளோ தூரம் கொண்டு வந்துட்டீங்க. கையோட ப்ராசஸரையும் ஏத்திடலாம். 200 எம்எம்எக்ஸ் நம்மகிட்டயே ஸ்டாக் இருக்கு. பேஜ்மேக்கர் சும்மா பறக்கும்" என்றார். எம்எம்எக்ஸ் என்பது பென்டியத்தின் அடுத்த தலைமுறைச் சிப், பேஜ்மேக்கர் பக்கம் வடிவமைக்கும் மென்பொருள். ஆசைதான். ஸ்கேன் செய்த படம் உள்ள பக்கத்தைத் திருப்பினால் அரை நிமிஷம் காத்திருந்தே பழகிய வீடு எங்களுடையது. சரி என்றேன். ப்ராசஸருக்கு 2,800, பிளாப்பி டிரைவுக்கு 1,200, சிடி டிரைவுக்கு லென்ஸ் மாற்ற 900. மொத்தம் 4,900 ரூபாய். "டெஸ்ட் பண்ண உங்க டிஸ்க் இருந்தா குடுங்க" என்று கேட்டார். நான்கு பிளாப்பியையும் கொடுத்தேன். எல்லாவற்றிலும் எழுத்துத் தடுப்பு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் கொடுத்தேன். அது திறந்திருந்தால் டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது எல்லாம் ஓடியது. பூட் ஆகும்போது கறுப்புத் திரையில் பென்டியம் எம்எம்எக்ஸ், 200 மெகாஹெர்ட்ஸ் என்று எழுத்து வந்தது. ஒரு பிளாப்பியை என் கண் முன்னாலேயே ஃபார்மட் செய்து, ஒரு கோப்பை ஏற்றி, திரும்பத் திறந்து காட்டினார்கள். சிடி தட்டு வெளியே வந்து உள்ளே போனது. பணத்தைக் கொடுத்துவிட்டு அன்று ராத்திரியே பொதிகையில் ஏறி, சிபியூவைக் கீழ் பெர்த்துக்கு அடியில் பழைய சேலையில் சுற்றி வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

வீட்டில் போட்டால் சரியாக இருபது நிமிஷம். மவுஸ் அப்படியே நின்றது. அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடும், மறுபடி நிற்கும். ராமைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டினேன். விண்டோஸைத் திரும்ப ஏற்றலாம் என்று சிடி போட்டேன், பாதியில் நின்றது. இரண்டு நாள் இப்படியே போயிற்று. ஆறவிட்டால் ஓடுகிறது, சூடானால் நிற்கிறது என்றால் கோளாறு மென்பொருளில் இல்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் முழுக்க கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தவர். நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வந்து முதலில் செய்தது, ப்ராசஸர் மேல் இருந்த, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கில் விரல் வைத்துப் பார்த்தது. வைத்த வேகத்தில் எடுத்தார். "பாப்பா, இதுல இட்லி அவிக்கலாம் போல. ஆஃப் பண்ணு."

ஆறியதும் கிளிப்பை எடுத்தார். ஹீட்சிங்க்குக்கும் சிப்புக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒரு சொட்டுக்கூட இல்லை. சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி சிப்பை வெளியே எடுத்துத் திருப்பினார். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பென்டியம் எம்எம்எக்ஸ் சிப்பின் அடியில், பின்களுக்கு நடுவே உள்ள காலியிடத்தில், அது இன்னது என்று அச்சிட்டிருக்கிறது. எங்கள் சிப்பில் இருந்தது எஃப்வி80503166. கடைசி மூன்று இலக்கம்தான் அதன் வேகம். 200 என்றால் எஃப்வி80503200 என்று இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது 166.

பிறகு திரையில் 200 வந்தது எப்படி? பயாஸ், அதாவது மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் புரோகிராம், காட்டுவது சிப் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை, எந்த வேகத்துக்குச் செய்தது என்பதை இல்லை. போர்டின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். அதை இரண்டரையால் பெருக்கினால் 166, மூன்றால் பெருக்கினால் 200. பெருக்கலைத் தீர்மானிப்பது போர்டில் உள்ள இரண்டு குட்டி ஜம்பர்கள், பின்களை இணைக்கும் தொப்பிகள். ஒரு ஜம்பரை இடம் மாற்றிவிட்டு 166ஐ 200 என்று விற்றிருக்கிறார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட ஓடித் தொலைத்திருக்கும். அந்தத் தலைமுறை 166கள் பல 200ஐத் தாங்கும் என்று சித்தப்பாவே சொன்னார். பெரிய தப்பு வோல்ட்டேஜில். பழைய பென்டியம் 100க்கு ஒரே வோல்ட்டேஜ்தான், சுமார் 3.3 வோல்ட். எம்எம்எக்ஸ் அப்படி இல்லை. வெளித்தொடர்புக்கு 3.3, உள்ளே இருக்கும் கோருக்கு 2.8 என்று இரண்டு வேண்டும். அந்த 2.8ம் சிப்பின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறது, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும். எங்கள் போர்டு இரண்டையும் தரக்கூடியது. ஜம்பர் அட்டவணை போர்டிலேயே வெள்ளை எழுத்தில் இருக்கிறது. அதைக்கூடப் பார்க்காமல் பழைய 100க்கு இருந்த இடத்திலேயே வோல்ட்டேஜ் ஜம்பரை விட்டிருந்தார்கள். 2.8 வாங்க வேண்டிய கோர் 3.3 வாங்கிக்கொண்டிருந்தது. வோல்ட்டேஜ் கூடினால் சூடு அதன் இருமடி விகிதத்தில் கூடும். இங்கே அதுவே சுமார் நாற்பது சதவீதம். கூடுதல் வேகத்துக்கு அதன் மேல் இன்னும் இருபது. பேஸ்ட்டும் இல்லை. இருபது நிமிஷம் தாங்கியதே அந்தச் சிப்பின் நல்ல குணம்.

சித்தப்பா ஜம்பரை 2.8க்கும் இரண்டரைக்கும் மாற்றி, பேஸ்ட் தடவி மாட்டினார். அன்றிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. உருப்படியான வேலையே பத்து நிமிஷம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அவர் சொன்னது. வேகத்தை ஏற்றுவதே எல்லா மெஷினுக்கும் நல்லதில்லையாம். டர்போ பாஸ்கல் என்ற புரோகிராமிங் மென்பொருளில் எழுதிய பழைய பில்லிங் புரோகிராம்கள் பல, வேகமான ப்ராசஸரில் திறந்ததும் ரன்டைம் எரர் 200 என்று காட்டி மூடிக்கொள்ளும். தொடக்கத்தில் மெஷினின் வேகத்தை அளக்கும் கணக்கு அந்த வேகத்தில் குழம்பிவிடும். ஏஎம்டி கே6-2 வகை ப்ராசஸரில் 350 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ போட்டால் விண்டோஸ் 95 கிளம்பாமல் அடம் பிடிக்கும், அதற்குத் தனியாக ஒரு திருத்தம் போட வேண்டும். பழைய மெஷினில் கை வைக்கிறவர் இதில் என்ன ஓட வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சிடி டிரைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டு வராததற்குக் காரணம் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்தது. அதை மாற்றியிருந்தார்கள், சரி. லென்ஸ் மாற்றியதாகக் காசு வாங்கியது பொய். மாற்றாமல், லேசர் தலைக்குப் பக்கத்தில் மிளகளவில் இருக்கும் திருகைத் திருப்பி லேசரின் பவரை ஏற்றியிருந்தார்கள். திருகின் பள்ளத்தில் ஸ்குரூடிரைவர் கீறல் பளிச்சென்று தெரிந்தது. ஏற்றினால் கொஞ்ச நாள் எல்லா சிடியையும் படிக்கும், பிறகு லேசர் செத்துப்போகும். எங்களுடையது மூன்றாவது வாரம் செத்தது. உங்கள் டிரைவ் படிக்கவில்லை என்று கடையில் சொன்னால் எந்த சிடியைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கடையில் வாங்கிய அச்சு சிடியைப் படித்து, வீட்டில் எழுதிய சிடியைப் படிக்காவிட்டால், அந்தக் கால டிரைவுக்கு அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது பிளாப்பி.

எங்கள் டிரைவ் சத்தம் போட்டதற்குக் காரணம் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் வருஷக்கணக்கில் கிடக்கும் பிளாப்பிகளில் பூஞ்சை பிடிக்கும். இரும்புத் தகட்டை விரலால் தள்ளி, உள்ளே இருக்கும் கறுப்பு வட்டத்தைக் கையால் தொடாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வெண்புள்ளிகள் பவுடர் தூவியது போலத் தெரியும். அதை டிரைவில் போட்டால் அழுக்கு, டிஸ்க்கைப் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டும். அடுத்து போடுகிற நல்ல பிளாப்பியை அந்த ஹெட் வட்டமாகச் சுரண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டை மெல்லத் துடைத்திருந்தால் எங்கள் டிரைவ் சரியாகியிருக்கும். அவர்கள் துடைக்கவில்லை. டிரைவையே மாற்றிவிட்டார்கள். எங்களுடையதை எடுத்துக்கொண்டு, எங்கேயோ கழித்துப் போட்ட ஒன்றை அதே முகப்போடு பொருத்தி, அலைன்மென்ட் செய்ததாக, அதாவது ஹெட்டைத் தடத்துக்கு நேராக்கியதாக, 1,200 வாங்கியிருக்கிறார்கள்.

அந்த டிரைவின் ஹெட் தடம் விலகியது. விலகிய டிரைவ் தானே எழுதியதைத் தானே படிக்கும், மற்ற டிரைவ் எழுதியதைப் படிக்காது. கவுன்டரில் அவர்கள் ஃபார்மட் செய்து, எழுதி, படித்துக் காட்டியது இப்போது விளங்குகிறதா? அந்தச் சோதனையில் எந்தக் குப்பை டிரைவும் தேறிவிடும். வேறொரு டிரைவில், வேறொரு வருஷம் எழுதிய பிளாப்பியைப் படிக்கச் சொல்லுங்கள். அதுதான் சோதனை.

அப்பாவின் பிளாப்பியைப் போட்டதும் விண்டோஸ், இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று கேட்டது. இப்படிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிஸ்க்கை வெளியே எடுங்கள், கெட்டது டிரைவாகக்கூட இருக்கலாம். நான் எடுத்துவிட்டேன். ஆனால் கடையில் யாரோ சரி என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் எண் பிளாப்பியின் எழுத்துத் தடுப்பு ஜன்னல் மூடியிருந்தது. நான் திறந்து வைத்துக் கொடுத்தது. யாரோ நகத்தால் அதைத் தள்ளி மூடி, அதில்தான் ஃபார்மட் சோதனை நடத்தியிருக்கிறார்கள். அப்பாவின் கையெழுத்தில் "அம்மா பாட்டு 3" என்று லேபிள் ஒட்டிய டிஸ்க் அது. ஹார்டு டிஸ்க் என்றால் குவிக் ஃபார்மட் ஆனாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பிளாப்பியை முழு ஃபார்மட் செய்தால் தடங்களையே புதிதாக எழுதிவிடும், மீட்பதற்கு ஒன்றும் இருக்காது.

கடைக்குப் போன் செய்தேன். "மேடம், அதெல்லாம் இருபத்தஞ்சு வருஷத்து டிஸ்க்கு. ஏற்கெனவே போயிருக்கும். நாங்க கேரண்டி குடுக்கலியே" என்றார். ப்ராசஸரைப் பற்றிக் கேட்டதும் லைனைத் துண்டித்துவிட்டார். பில்லில் 'சிபியூ அப்கிரேட்' என்று மட்டும்தான் இருக்கிறது, எண் இல்லை. நீங்கள் வாங்கினால் சிப்பின் அடியில் இருக்கும் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் டிரைவின் லேபிளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சொந்தப் பிளாப்பியை எக்காரணம் கொண்டும் கூடவே அனுப்பாதீர்கள், சோதிக்க வேண்டிய டிஸ்க்கை வைத்திருப்பது கடைக்காரரின் வேலை.

மற்ற மூன்று பிளாப்பிகளைச் சித்தப்பா தன் பரணில் இருந்த ஒரு டிரைவில் படித்து, அப்படியே இமேஜாக, அதாவது டிஸ்க்கின் முழு நகலாக, எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் மட்டும் சில செக்டர் போயிருக்கிறது. மூன்றாம் பிளாப்பியில் இருந்தது முழுக்க ஒப்பாரி. அப்பாவிடம் இரண்டு நாள் சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பேப்பர எடு, ஞாபகம் இருக்கிறதச் சொல்றேன்" என்றார். இதுவரை பதினோரு பாட்டு எழுதியிருக்கிறோம். சிலவற்றில் நடுவில் அடி விட்டுப்போகிறது.

எங்கள் பிளாப்பி டிரைவ் இன்னும் வெளியே எங்கேயோ இருக்கிறது. அதன் மேல் தகட்டில், வலது மூலையில், அப்பா மஞ்சள் பெயின்டால் 7 என்று எழுதியிருப்பார். பழைய சாமான் வாங்கும்போது யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள், கேட்ட விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.