ஜாரா என்று சொல்லி காரி மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்

பெர்த்தில் வீடு வைத்திருப்பவர்கள், பழைய மரம் வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கொல்லையில் புடலையும் பாகலும் ஏறப் பந்தல் போட ஆறு கால்கள் தேவைப்பட்டன. பழைய மரம் விற்கும் ஒரு கிடங்கில், "வீடு இடித்து எடுத்த ஜாரா, உங்கள் ஆயுசுக்கும் நிற்கும்" என்றார்கள். கால் ஒன்று 85 டாலர். செக்கச்செவேலென்று இருந்தது, நல்ல கனம். நம்பிவிட்டேன்.

ஜாரா என்றால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலைக்கே உரிய யூகலிப்டஸ் வகை அது. அதன் வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் லேசில் தொடாது, மண்ணில் புதைத்தாலும் தாங்கும். தண்டவாளக் கட்டை, பாலம், துறைமுக மேடை எல்லாம் அதில்தான் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் தெருக்களிலேயே ஜாராக் கட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். இந்த மாநிலத்தின் இயற்கைக் காடுகளில் பெரிய அளவில் மரம் வெட்டுவது 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அதனால் பழைய ஜாராவுக்கு ஏகக் கிராக்கி. ஏமாற்றுவதற்கும் அதுதான் வசதி.

இரண்டாவது கோடையில், கொடி நிறையக் காய் தொங்கும்போது ஒரு கால் ஆட்டம் கண்டது. அடியில் மண்ணைத் தள்ளிப் பார்த்தால் கரையான் மண் கோடு. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வயிறு எரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தச்சு வேலை பார்த்தவர். கெடாத பகுதியிலிருந்து தீக்குச்சி அளவுக்கு ஒரு சிலாம்பு சீவி, சமையலறை சிங்க்கில் வைத்துக் கொளுத்தினார். முழுசாக எரிந்து வெள்ளைச் சாம்பலானது. அப்புறம் தன் வீட்டு ஜாராத் துண்டைக் கொளுத்தினார். அது கருப்புக் கரியாக நின்றது. "உன்னுடையது காரி" என்றார்.

காரியும் ஒரு யூகலிப்டஸ் வகைதான், நல்ல மரம்தான். நெட்டையாக வளரும், கூரை உத்தரத்துக்கு அருமையான பலம். ஆனால் மண்ணில் நட்டால் கரையானுக்கு விருந்து. நிறத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.

ரசீதோடு போனேன். அதில் 'ஹார்ட்வுட் போஸ்ட் 6' என்று மட்டும்தான் இருந்தது. "ஜாரா என்று எழுதித் தரவில்லையே" என்று கையை விரித்துவிட்டார்கள்.

வாங்கும் முன் ஒரு சிலாம்பு கேட்டு வாங்கி, வீட்டில் கொளுத்திப் பாருங்கள். ரசீதில் 'ஜாரா' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.