திருகைத் தொடுமுன் காரணம் தேடும் காரைக்குடிக் கடை

காரைக்குடியில் கொப்புடைய நாயகி அம்மன் கோயிலுக்குச் செல்லும் வழியில், பெயர்ப்பலகை மங்கிப்போன சிறிய கடை ஒன்றில் தையல் மிஷின்களைப் பழுதுபார்க்கிறார்கள். கண்டாங்கிச் சேலைகளுக்கு ஃபால்ஸும் ரவிக்கையும் தைக்கும் என் கால்மிஷின், துணியின் அடிப்பக்கத்தில் நூலைக் கொத்துக் கொத்தாகச் சுருட்டத் தொடங்கியதால் சென்ற மாதம் அங்கே கொண்டுபோனேன். அதற்கு முன் பார்த்த ஒருவர், கோளாறு கீழே தெரிவதால் குற்றமும் கீழ் நூலில்தான் என்று முடிவுசெய்து, கீழ் நூல் கண்டை வைக்கும் கூடான பாபின் கேஸையே மாற்றியிருந்தார். பணம் போனதே தவிர, தையல் மாறவில்லை.

இந்தக் கடைப் பெரியவர் முதலில் எந்தத் திருகையும் தொடவில்லை. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை இறக்கிவிட்டு, ஊசியருகே மேல் நூலைக் கையால் இழுத்தார். பாதம் இறங்கியிருக்கும்போது டென்ஷன் வட்டுகள் நூலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். என் மிஷினிலோ நூல் தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் வளையம் விழுந்தால் பெரும்பாலும் மேல் நூலின் பிடிதான் தளர்ந்திருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெளிவானது. வட்டுகளைக் கழற்றியபோது, நூலிலிருந்து உதிர்ந்த பஞ்சும் அறுந்த நூல் துண்டு ஒன்றும் இடையில் இறுகிக் கிடந்தன.

சுத்தம் செய்த பிறகுதான் அளவு பார்த்தார். நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் பாபின் கேஸ் தானாக இறங்கக் கூடாது, கையை இலேசாக உதறினால் மட்டும் சற்று இறங்கி நிற்க வேண்டும் என்று செய்துகாட்டி, முந்தையவர் இறுக்கியிருந்த சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தினார். பிறகு, “தைக்கிற துணியையே கொடுங்க ஆச்சி” என்று கேட்டு வாங்கி, மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக நூல் கோத்து, இரு நிறங்களும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும்வரை மேல் திருகை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்பினார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியின் கனத்த பருத்திக்கு, மெல்லிய ‘வாயில்’ ரகத் துணியில் பார்த்துவைத்த அளவு பொருந்துவதில்லை.

அவசர வேலைக்கு இந்தக் கடை ஏற்றதன்று. என் மிஷின் நான்கு நாள் அங்கேயே இருந்தது. ஜிக்ஜாக் மின் மிஷின்களை அவர்கள் எடுப்பதில்லை. கூலி 300 ரூபாய். புதிய பாகம் எதையும் என் தலையில் கட்டவில்லை.

மேல் நூல் கோக்கும்போது பாதத்தைத் தூக்கியே வைக்க வேண்டும், அப்போதுதான் வட்டுகள் விரிந்து நூல் உள்ளே அமரும் என்றும் சொல்லி அனுப்பினார். அப்படியே செய்துவருகிறேன், அகலக் கரையின் மீது ஓட்டும்போதும் அடித்தையல் மேல்தையலைப் போலவே விழுகிறது.