காயா, உரித்ததா, பிதுக்கியதா? பெங்களூரில் மொச்சை வாங்கும் கணக்கு

டிசம்பர் பிறந்ததிலிருந்து பிப்ரவரி வரை பெங்களூரில் எந்த மார்க்கெட்டுக்குப் போனாலும் அவரேகாய்தான். நம் ஊர்ப் பச்சை மொச்சை. கே.ஆர். மார்க்கெட்டில் குவியல் குவியலாகக் கிடக்கும், மாகடி ரோடு ஓரத்தில் கோணியை விரித்துக் கொட்டியிருப்பார்கள், மடிவாளாவில் தமிழிலேயே பேரம் பேசி வாங்கலாம். இதை மூன்று விதமாக விற்கிறார்கள். தோலோடு காயாக, உரித்த மொச்சையாக, இல்லையென்றால் ஊறவைத்துப் பிதுக்கி மேல்தோலையும் எடுத்துவிட்ட பருப்பாக. மூன்றையும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் இப்போது காய்தான் என்று முடிவாகிவிட்டது. அதனால் இந்த ஒப்பீடு நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சட்டென்று சொல்லி முடிக்க வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் பிதுக்கிய பருப்புதான். மசாலா தயாராக இருந்தால் அரை மணியில் குழம்பு இறங்கிவிடும். காய் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கே சரியாகப் போகும். குப்பை சேர்வதும் காயில்தான். ஆப்பிலும் வாங்கலாம்தான், ஆனால் மொச்சையைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதை இங்கே சேர்க்கவில்லை.

விலையில் பெரிய லாபம் எந்தப் பக்கமும் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு கிலோ காயை உரித்தால் 400 கிராம் முன்பின் மொச்சை தேறும். காய் கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உரித்ததன் அடக்கவிலை கிலோ 200 ரூபாய் ஆகிறது. கடைக்காரர் மொத்த விலையில் எடுத்திருப்பார், ஆகவே 200, 220-க்குக் கொடுத்தாலும் அவருக்குக் கட்டுபடியாகும். நாம் கூடுதலாகக் கொடுப்பது உரிகூலி, அவ்வளவுதான். அதே நாளில் ஒருவர் 140 ரூபாய்க்குக் கூவி விற்கிறார் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஏன் யோசிக்க வேண்டும் என்பதில்தான் என் முடிவே இருக்கிறது. காயாக இருக்கும்வரை அது எந்த ரகம், எப்போது பறித்தது, புழு இருக்கிறதா, இளசா முற்றலா என்று எல்லாவற்றையும் பார்த்தே சொல்லிவிடலாம். தோல் போய்விட்டால் விற்கிறவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

முதலில் வாசனை. நல்ல மொச்சைக் காயைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், கை கழுவினாலும் லேசில் போகாத ஒரு மணம் இருக்கும். இங்கே அதைச் சொகடு என்பார்கள். பழைய பெங்களூர்க்காரர்கள் விலை கேட்பதற்கு முன்னால் ஒரு காயை எடுத்து மூக்கருகே கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். நாட்டு ரகங்கள் பகல்பொழுது குறையும் பருவத்தில்தான் பூக்கும். பனிக்காலத்தோடு இந்தக் காய் வருவது அதனால்தான். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் கொண்டுவந்த எச்.ஏ.3, எச்.ஏ.4 போன்ற ஹெப்பாள் அவரை ரகங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, வருஷத்தில் எப்போது விதைத்தாலும் காய்க்கும். விவசாயிக்கு அது பெரிய உதவி. சமையலுக்கு என்று வந்தால், நான் கோடையில் வாங்கிச் சமைத்த கொஞ்சத்தை வைத்துச் சொல்கிறேன்: குழம்பு மோசமில்லை, மணம்தான் கம்மி. இந்த மணம் இருப்பது காயின் தோலில். உரித்துக் கவரில் போட்டுவிட்டால் எது எந்த ரகம் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது வயசு. முற்றிக் காய ஆரம்பித்த விதையை ஓர் இரவு தண்ணீரில் போட்டால் பச்சை மொச்சை மாதிரியே உப்பி நிற்கும். எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் செய்திருந்தால் நம்மால் கண்டுபிடிக்க முடியாது, குழம்பில் வேகாமல் கிடக்கும்போதுதான் தெரியும். காயில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை: பச்சையாகப் பருத்திருந்தால் புதுசு, மஞ்சளடித்துத் தோல் சுருங்கியிருந்தால் முற்றல். புழுவும் அப்படித்தான். காயில் ஓட்டை கண்ணுக்குத் தெரியும், தள்ளிவிடலாம்.

பிதுக்கிய பருப்பில் இன்னொரு சிக்கல் தண்ணீர். அது தண்ணீரில் கிடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் சுவை இறங்கிக்கொண்டே போகும். நுரை கட்டியிருந்தாலோ லேசாகப் புளித்த வாடை வந்தாலோ எடுக்காதீர்கள்.

காயில் எதிர்பாராமல் கிடைத்த வசதி ஒன்று உண்டு. உரிக்கும்போதே தரம் பிரித்துவிடலாம். இளசு தனியாகப் போனால் அது உப்புமாவுக்கும் அக்கி ரொட்டிக்கும் ஆகும், தோலோடு அப்படியே வெந்துவிடும். பருத்த மொச்சையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் பருப்பு துள்ளி வெளியே விழும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் பக்கத்து ஆட்களுக்குப் பிதுக்கு பருப்புக் குழம்பைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை. தேங்காய், தனியா, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு துண்டு பட்டை அரைத்து ஊற்றி, திறந்த பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். குக்கரில் வைத்தால் கரைந்து பாயசமாகிவிடும். தொட்டுக்கொள்ள இட்லி போதும், கேழ்வரகுக் களி இருந்தால் பேச்சே இல்லை. கொஞ்சம் முற்றலாகத் தேறுவது கத்திரிக்காயோடு சேர்ந்து காரக்குழம்புக்குப் போகும். கலந்து உரித்து வைத்த மொச்சையில் இதையெல்லாம் ஒரே வேக்காட்டில் தள்ள வேண்டியிருக்கும், இளசு குழைந்து முற்றல் நறுக்கென்று நிற்கும்.

சரி, உரித்ததை வாங்கவே கூடாதா? வாங்கலாம். விரல் வலி இருக்கிற வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு கிலோ காயைக் கொட்டி உரிக்கச் சொல்வது அநியாயம். வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் வேறு வழியில்லை. அப்படி வாங்கினால், பக்கத்தில் காயைக் குவித்து வைத்துக்கொண்டு நம் கண்ணெதிரே உரிக்கிற அம்மாவிடம் வாங்குங்கள், அந்தக் காயை ஒரு தடவை முகர்ந்துவிட்டு. கவரில் வியர்த்துக் கிடப்பது வேண்டாம். அவரேகாய்ப் பண்டங்களைச் சாப்பிட்டுப் பார்க்க மட்டும் ஆசை என்றால் ஜனவரியில் நடக்கிற அவரேபேளே மேளாவுக்குப் போகலாம். வி.வி.புரம் சாப்பாட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தது, கூட்டம் தாங்காமல் பசவனகுடி நேஷனல் காலேஜ் மைதானத்துக்கு மாறியது. நெரிசல் அங்கேயும் உண்டு.

வாங்கிய காயை பிளாஸ்டிக் கவரிலேயே விடாதீர்கள். பனி ஈரத்தோடு வருவதால் உள்ளே சூடேறிக் கறுத்துப்போகும். செய்தித்தாளில் பரப்பி, ஈரம் உலர்ந்ததும் துணிப்பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உரித்து, கழுவாமல், ஃப்ரீஸரில். பிதுக்கிய பருப்பை ஃப்ரீஸரில் வைத்ததில் எனக்கு அனுபவம் குறைவு. வைத்த ஒரு தடவை குழம்பில் உடைந்து மாவாகிவிட்டது, அதனால் தோலோடு வைப்பதே மேல் என்று நினைக்கிறேன்.

சங்கராந்திக்கு முந்தின இரண்டு மூன்று நாள் மட்டும் மார்க்கெட் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அவரேகாயை உப்புப் போட்டுக் காயோடு அவிப்பது கன்னடக்காரர்களுக்கு, பொங்கல் குழம்புக்கு மொச்சை நமக்கு. எல்லோரும் ஒரே குவியலைச் சுற்றி நிற்போம், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஒரு வாரம் முன்னாடியே வாங்கி உரித்து ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள்.