மட்டக்களப்பு கல்லடியில் 20 மாதம் கிடந்த காரும் அதன் பழைய பெற்றோலும்: இரண்டு வருட அனுபவம்

டாங்கியில் கிடந்த பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பார்த்தபோது பிளேன்ரீ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருந்தது. பெற்றோல் மணமே இல்லை. புதிதாக வார்னிஷ் அடித்த கதவின் மணமும், அதோடு ஒரு புளித்த வாடையும். பக்கத்தில் இன்னொரு போத்தலில் அன்று காலை பெற்றோல் செட்டில் வாங்கிய புதுப் பெற்றோலை வைத்தேன். இரண்டையும் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் விளங்கும்.

கார் அப்பாவின் மாருதி 800, காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய வகை. 2022 ஜூன் ஆரம்பத்தில், நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடாகி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 420 ரூபாய் விற்ற நாட்களில், அப்பாவும் நானும் மாறி மாறி வரிசையில் நின்று அதை நிரப்பினோம். ஒரு இரவு முழுக்க அப்பா காருக்குள்ளேயே படுத்திருந்தார். அந்த மாதக் கடைசியில் விலை 470 ஆனது. அப்புறம் அப்பாவுக்குக் கண் பிரச்சினை, எனக்குத் திருகோணமலையில் வேலை. கார் வளவுக்குள் தகரக் கூரையின் கீழ் நின்றுவிட்டது. அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய பெற்றோலை வெளியே எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எடுத்து யாருடைய மோட்டார் சைக்கிளுக்காவது அப்போதே ஊற்றியிருந்தால் அந்தப் பெற்றோலும் பயன்பட்டிருக்கும், காரும் தப்பியிருக்கும்.

2024 பெப்ரவரியில் ஊருக்கு வந்ததும் அத்தான் வேறொரு பற்றரியைக் கொண்டுவந்து இணைத்து ஸ்டார்ட் செய்தார். நீண்ட நேரம் இழுத்து, கடைசியில் எஞ்சின் பிடித்தது. ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. தட்டுகிற சத்தம், கறுப்புப் புகை, நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிடம்தான் எங்களுக்கு மிகவும் செலவு வைத்தது. அதுவரை டாங்கிக்குள் கிடந்த பிசினை நாங்களே மேலே இழுத்துக் காபரேற்றருக்குள் கொண்டுபோய்விட்டோம். காத்தான்குடியிலிருந்து வந்த மெக்கானிக் நானா போத்தலை மோந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, டாங்கிக்குள்ள என்ன கிடக்கு எண்டு பாக்காம ஏன் ஸ்டார்ட் பண்ணினீங்க?" என்று கேட்டார்.

பெற்றோல் என்பது ஒரே திரவம் இல்லை, பல திரவங்களின் கலவை. அதில் மிக இலேசானவைதான் குளிர்ந்த எஞ்சினைப் பிடிக்க வைக்கின்றன. அவையே முதலில் ஆவியாகிப் போகின்றன. மிஞ்சுவது காற்றிலுள்ள ஒட்சிசனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து பிசினாகிறது. வெயில் காயும் தகரக் கொட்டிலில் இது இன்னும் வேகம். பெற்றோல் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் கெடாமல் இருக்கும் என்பார்கள். நமது கரையோர வெக்கையில் நான் மூன்றைத்தான் கணக்கில் எடுப்பேன்.

தண்ணீர் இன்னொரு தொல்லை. பாதி காலியான டாங்கிக்குள் ஈரக் காற்று போய்வருகிறது, இரவில் குளிர்ந்து துளியாகிறது. மாரி காலத்தில் கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற கல்லடியில் இதைத் தடுப்பது கஷ்டம். தண்ணீர் பெற்றோலை விடப் பாரமானது, அடியில்தான் தங்கும். எங்கள் போத்தலிலும் அடியில் ஒரு நக அளவுக்குத் தனிக் கோடாக நின்றது. இரும்பு டாங்கி என்பதால் அதோடு துருவும் வந்தது.

நானா முதலில் பற்றரி வயரைக் கழற்றினார். காரைக் கொட்டிலை விட்டு வெளியே தள்ளச் சொன்னார். அம்மாவின் அடுப்பை அணைக்கச் சொன்னார். இதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது: பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கிற நெருப்பைத் தேடிப் பிடிக்கும். கைப்பம்பால் 18 லீற்றர் எடுத்தோம். ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். ஒரு துளி நுரையீரலுக்குள் போனாலும் ஆபத்து. எடுத்ததை எங்கே ஊற்றுவது என்பதையும் முதலே யோசிக்க வேண்டும். எங்களுடையது மணல் தரை, கிணற்று நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. வளவில் ஊற்றினால் அது நாங்களும் பக்கத்து வீட்டாரும் குடிக்கிற தண்ணீருக்குத்தான் போகும். மூடி இறுக்கிய கான்களில் கராஜுக்கே கொடுத்துவிட்டோம்.

நிறம் மாறாமல், மணம் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தால் புதுப் பெற்றோலில் சிறிது சிறிதாகக் கலந்து ஓடித் தீர்த்துவிடலாம். எங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

டாங்கியை இறக்கி, உள்ளே சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவினார்கள். காபரேற்றரில் பெற்றோல் வருகிற சின்ன ஜெட் ஓட்டைகள் மண்ணிறப் பசையால் அடைத்திருந்தன. காரின் பெற்றோல் பம்பின் உள்ளே இருக்கிற ரப்பர் விறைத்துக் கிழிந்திருந்தது. ஹோஸ்களும் வெடிப்பு. கூலியும் சாமானுமாக 34,000 ரூபாய். டாங்கிக்குள் இருந்த பெற்றோலின் விலை 7,560.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், ஏனென்றால் இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கழுவியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாவது கிழமை கல்முனைக்குப் போகும் வழியில், களுதாவளை தாண்டியதும் கார் இழுக்க மறுத்தது. பொனெற்றைத் திறந்தால், புதிதாகப் போட்ட பிளாஸ்டிக் பெற்றோல் பில்டர் (வடிகட்டி) அதே பிளேன்ரீ நிறம். குழாய்களிலும் டாங்கி மூலைகளிலும் ஒட்டியிருந்த பழைய பிசினைப் புதுப் பெற்றோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுவருகிறது. மாற்றினேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் மாற்றினேன், ஏழாம் மாதத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் முந்தியதை விட வெளிறியிருந்தது. அன்றிலிருந்து வெளியூர் போகும்போது ஒரு பில்டர் டாஷ்போர்ட்டுக்குள் கிடக்கும். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் வகையையே வாங்குங்கள். நிறத்தைப் பார்த்தே டாங்கியின் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

டாங்கியில் ஊற்றுகிற துப்புரவு மருந்தும் ஒரு போத்தல் வாங்கிப் பார்த்தேன். எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. பெற்றோல் கெடாமல் வைக்கிற மருந்து வேறு. அது உண்மையாகவே உதவியது, ஆனால் புதுப் பெற்றோலில் மட்டும். கெட்டதை அது திருப்பி நல்லதாக்காது. 2025இல் நான்கு மாதம் கொழும்பில் தங்க வேண்டி வந்தது. போகுமுன் டாங்கியை நிரப்பி, மருந்தை ஊற்றி, காபரேற்றர் வரை போய்ச் சேரட்டும் என்று பத்து நிமிடம் ஓடவிட்டேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது மூன்றாவது தடவை பிடித்தது. நிறைந்த டாங்கிக்குள் ஈரக் காற்றுக்கு இடம் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம்.

காபரேற்றர் இல்லாமல் பெற்றோலை எஞ்சினுக்குள் பீச்சுகிற இன்ஜெக்ஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு என்னைவிடக் கொஞ்சம் அவகாசம் உண்டு. பெற்றோல் போகிற வழி அதில் இறுக்கமாக மூடியிருக்கும். காபரேற்றரில் பெற்றோல் தேங்குகிற கிண்ணமோ காற்றுக்குத் திறந்தே இருப்பதால் சில கிழமையிலேயே வற்றிப் பசை விட்டுவிடும்.

இப்போது கிழமைக்கு ஒரு தடவையாவது அப்பாவை ஏற்றிக்கொண்டு காத்தான்குடி வரை போய்வருகிறேன். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு அவரே பொனெற்றைத் திறந்து பார்க்கிறார். கடைசியாகப் போட்ட பில்டருக்குப் பதினொரு மாதம், இன்னும் நிறம் ஏறவில்லை. மாரிக்கு முன் ஹோஸ்களை மட்டும் ஒருதடவை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார் நானா.